நட்சத்திரக் குறியும் தொடர் எண்ணும்: ஸ்பிரிங்ஃபீல்டு போட்டித் துப்பாக்கியை இனங்காணும் சிக்கல்

அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டவை. அவற்றுள் 1921 முதல் 1940 வரை தேசியக் குறிசுடும் போட்டிகளுக்கென்றே தேர்ந்தெடுத்துச் செய்தவை சுமார் 28 ஆயிரம். ‘நேஷனல் மேட்ச்’ என்று பெயர் பெற்ற இந்த வகை, நாலடி தள்ளி நின்று பார்த்தால் சாதாரணப் படைத்துப்பாக்கியைப் போலத்தான் இருக்கும். விலையோ பல மடங்கு. ஆகவே கையில் இருக்கும் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு உண்மையான நேஷனல் மேட்ச்தானா, அதை எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி சேகரிப்பாளர்களிடையே இரண்டு மூன்று தலைமுறையாக ஓய்ந்தபாடில்லை.

இதற்குச் சொல்லப்பட்டுள்ள விடைகளை நான்கு தரப்புகளாகப் பிரிக்கலாம். முத்திரைகளை நம்புவோர், ஆவணங்களை நம்புவோர், தொடப்படாத நிலையை நாடுவோர், சுட்டுப் பார்த்துத் தீர்மானிப்போர். நான்கு தரப்பும் ஒன்றையொன்று குறை சொல்வதுண்டு; குறைகளும் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் சிக்கலின் வேர் சேகரிப்பாளர்களின் வாதங்களில் இல்லை, தொழிற்சாலையிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

துப்பாக்கியும் போட்டியும்

தேசியப் போட்டிகளும் இந்தத் துப்பாக்கியும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1903இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஏற்பாட்டில் குறிசுடும் பயிற்சியை வளர்க்கத் தேசிய வாரியம் ஒன்று அமைந்தது. முதல் போட்டி அந்த ஆண்டே நியூ ஜெர்சியின் சீ கர்ட்டில் நடந்தது. 1907 முதல் ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி போட்டிகளின் நிலைத்த களமாயிற்று. துப்பாக்கி 1903இல் ஏற்கப்பட்டு, 1906இல் புதிய தோட்டாவுக்காகத் திருத்தப்பட்டது; அந்தத் தோட்டாதான் இன்றுவரை புகழோடு இருக்கும் .30-06.

1916ஆம் ஆண்டின் தேசப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்களின் குறிசுடும் பயிற்சிக்கென்று ராணுவத்தில் தனி இயக்குநர் அலுவலகத்தை உண்டாக்கியது. தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்கள் அதன் வழியாக அரசுத் துப்பாக்கியை விலைக்கு வாங்க முடிந்தது. படைப்பிரிவின் போட்டி அணியில் இருந்தவை சில, தனியார் வீட்டுக்குப் போனவை சில என்று நேஷனல் மேட்ச் துப்பாக்கிகள் தொடக்கத்திலேயே இரண்டு கிளையாகப் பிரிந்தன. இந்தப் பிரிவைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போட்டித் துப்பாக்கியின் உயிர் அதன் குழலில் இருந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் ‘ஸ்டார் கேஜ்’ என்னும் நீண்ட கம்பி போன்ற அளவுகருவி இருந்தது. அதன் முனையில் உள்ள சிறு ஊசிகளைக் குழலுக்குள் விரித்து, வரிப்பள்ளங்களின் விட்டத்தையும் மேடுகளின் விட்டத்தையும் அங்குலம் அங்குலமாக அளப்பார்கள். அளவு ஒரு அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை துல்லியம். நீளம் முழுக்க ஒரே சீராக இருந்த குழல்களே தேறின. தேறிய குழலின் முகவாய் விளிம்பில், அடிப்பக்கமாக, மிகச் சிறிய நட்சத்திரம் பொறிக்கப்பட்டது. குழலுக்கு அளவீட்டு எண் ஒன்றும் இடப்பட்டது. இதோடு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் தடத்தை மெருகேற்றினார்கள், விசையின் இழுப்பைச் சீர்செய்தார்கள், துப்பாக்கியின் தொடர் எண்ணைப் போல்ட்டின் மேலும் எழுதினார்கள். 1920களின் பிற்பகுதியில் கைப்பிடி வளைவு கொண்ட புதிய கட்டை சேர்ந்தது. இதே கட்டை 1929இல் பொதுப் படைக்கும் ஏற்கப்பட்டு, 1903ஏ1 என்ற பெயர் வந்தது.

எதையும் எதிலும் பொருத்தலாம்

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையின் பெரும் பெருமை, ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் அப்படியே பொருத்த முடிவது. 1842 மாடல் மஸ்கெட்டிலேயே அதைச் சாதித்துவிட்டார்கள். அமெரிக்க உற்பத்தி முறை என்று உலகம் பின்னால் வியந்தது இதைத்தான். ஜெர்மானிய மவுசர் 98கே துப்பாக்கியிலும் சுவிஸ் கே31 துப்பாக்கியிலும் முதன்மை உறுப்புகளின்மேல் எண் இருக்கும். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது என்று சேகரிப்பாளர் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் தொடர் எண் இருப்பது ரிசீவரில், அதாவது போல்ட்டைத் தாங்கும் எஃகு உடலில், மட்டும். குழலில் ஆயுதச்சாலையின் எழுத்தும் மாதமும் ஆண்டும் இருக்கும், துப்பாக்கியின் எண் இராது. மற்ற உறுப்புகளில் அதுவும் இல்லை. விதிவிலக்காக நேஷனல் மேட்ச் வகையில் போல்ட்டுக்கு எண் கிடைத்தது.

படைக்கு இது வரம். பழுதுபார்ப்பவர் பெட்டியிலிருந்து எந்த உறுப்பையும் எடுத்து மாட்டிவிட்டுப் போகலாம். நூறாண்டு கழித்து அந்தத் துப்பாக்கியை அடையாளம் காண வருகிறவருக்கோ இதுவே வினை. 1932இல் செய்த உறுப்பை 1928இல் செய்த துப்பாக்கியில் போட்டால், போட்ட தடமே தெரியாது. இன்று நிலவும் எல்லா வாதங்களும் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் நிகழ்கின்றன.

முத்திரையை நம்புவோர்

முதல் தரப்பு புத்தகங்களிலிருந்து வளர்ந்தது. கிளார்க் கேம்ப்பெல் 1957இல் வெளியிட்ட நூலும், வில்லியம் பிரோஃபி 1985இல் வெளியிட்ட பெரிய தொகுப்பும் 1903 துப்பாக்கியின் வகைகளையும் குறிகளையும் படங்களோடு விவரித்தன. முகவாயில் நட்சத்திரம், போல்ட்டில் எண், குழலில் பொருந்தும் தேதி, கட்டையில் ஆய்வாளரின் முத்திரை (டி.ஏ.எல். என்ற எழுத்துகள் 1920களுக்கு, எஸ்.பி.ஜி. என்பவை 1930களுக்கு) என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உருவாகிவிட்டது. புதிதாக இத்துறைக்கு வருபவர் இன்றும் இந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார். தொடங்குவதற்கு அது நல்ல இடம்தான்.

அங்கேயே நின்றுவிட்டால்தான் ஆபத்து. நட்சத்திரக் குறி துப்பாக்கியின் குறி அன்று, குழலின் குறி. ஸ்டார் கேஜ் செய்த குழல்கள் வேட்டைப் பாணியில் செய்த ‘ஸ்போர்ட்டர்’ துப்பாக்கிகளிலும் வேறு சில சிறப்பு வகைகளிலும் பொருத்தப்பட்டன. தனிக் குழலாகவும் விற்கப்பட்டன. சாதாரணத் துப்பாக்கிக்கு நல்ல குழல் வாங்கி மாட்டிய குறிசுடுபவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். அவருடைய துப்பாக்கி எழுபது ஆண்டு கழித்துச் சந்தைக்கு வரும்போது, நட்சத்திரத்தைக் காட்டி அதை நேஷனல் மேட்ச் என்று விற்பவர் வேறு ஆள்.

போல்ட்டின் எண் இதைவிடப் பலவீனமான சான்று. எழுதும் முறை எளிது என்பதால் பின்னால் எழுதுவதும் எளிது. நூல்கள் ஒவ்வொரு குறியின் வடிவத்தையும் இடத்தையும் நுணுக்கமாக விவரித்தது சேகரிப்பாளருக்கு எந்த அளவு உதவியதோ, போலி செய்பவருக்கும் அதே அளவு உதவியிருக்கும் என்று ஐயப்படக் காரணமுண்டு. பட்டியலில் உள்ள அத்தனை குறியும் குறையில்லாமல் இருக்கும் துப்பாக்கியைக் கண்டால் அனுபவசாலிகள் மகிழ்வதற்கு முன் சற்றுத் தயங்குவது இதனால்தான்.

எதிர்த்திசையில் ஒரு பயன் இருக்கிறது. இல்லாத குறி எதையும் நிரூபிப்பதில்லை. பொருந்தாத குறி பலவற்றை நிரூபிக்கும். தனி வகையாக நேஷனல் மேட்ச் செய்யத் தொடங்கிய காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு தொடர் எண்கள் 12 லட்சத்தைத் தொட்டுவிட்டன. எண் 8 லட்சத்துக்குக் கீழே உள்ள துப்பாக்கியை 1920களின் நேஷனல் மேட்ச் என்று யாராவது விற்றால், நட்சத்திரத்தைத் தேடிப் பூதக்கண்ணாடி எடுக்க வேண்டியதில்லை.

ஆவணத்தை நம்புவோர்

முத்திரைகள்மீது நம்பிக்கை தளர்ந்த இடத்தில் இரண்டாம் தரப்பு எழுந்தது. ஃபிராங்க் மேலரி நடத்திய ஸ்பிரிங்ஃபீல்டு ஆய்வுச் சேவை, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய கடிதங்கள், விற்பனைத் தாள்கள், அனுப்புகைக் குறிப்புகள் ஆகியவற்றில் சிதறிக் கிடந்த தொடர் எண்களைத் திரட்டி, 1980களிலிருந்து தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு துப்பாக்கியின் எண் அந்தப் பட்டியலில் ‘நேஷனல் மேட்ச்’ என்ற குறிப்போடு இருந்தால், அது எந்த நட்சத்திரத்தைவிடவும் கனமான சான்று என்று இத்தரப்பினர் வாதிடுகின்றனர். பெரும்பாலும் அது சரியே.

ஆனாலும் மூன்று ஓட்டைகள் உண்டு. பட்டியல் முழுமையானதன்று, யாரோ ஒரு அதிகாரி ஏதோ ஒரு காரணத்துக்காக எண்ணைக் குறித்துவைத்து, அந்தத் தாளும் பிழைத்திருந்தால்தான் எண் பட்டியலில் ஏறும். அடுத்து, பதிவு ரிசீவரைத்தான் சுட்டுகிறது. அந்த ரிசீவரைச் சுற்றி இன்று இருக்கும் குழலும் கட்டையும் வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம். மூன்றாவது, சந்தையில் மிகவும் செல்வாக்குப் பெற்ற ‘பக்கத்து எண்’ வாதம்: பட்டியலில் உள்ள எண்ணுக்கு நாலைந்து தள்ளி என் துப்பாக்கியின் எண் இருக்கிறது, ஆகவே அதுவும் நேஷனல் மேட்ச். ரிசீவர்களுக்கு வரிசையாக எண் இட்டார்களே தவிர, வரிசைப்படி எடுத்துத் துப்பாக்கியாகக் கோக்கவில்லை. அடுத்தடுத்த எண்கள் வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு வகைத் துப்பாக்கிகளாக வெளியேறின. பக்கத்து எண் ஒரு வாய்ப்பைச் சொல்லும், அதற்குமேல் எதுவும் சொல்லாது.

ஆவணங்களிலேயே வலுவானவை முதல் வாங்குபவரின் விற்பனைத் தாளும் குழலின் அளவீட்டு அட்டையும். அட்டையில் குழலின் அளவுகள் உள்ளன; குழல் இன்னும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை எஃகும் காகிதமும் நேருக்கு நேர் சந்திக்கும் ஒரே இடம் இது. காகிதம் தனியே கைமாறக்கூடிய பொருள் என்பதை மட்டும் மறக்கலாகாது.

தொடப்படாததும் சரியாக்கப்பட்டதும்

மூன்றாம் தரப்பின் நிலைப்பாடு எளிமையானது: ஆயுதச்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த உறுப்புகளோடும் மேற்பூச்சோடும் இன்றும் இருப்பதே சேகரிக்கத் தக்கது. அமெரிக்கச் சந்தையின் விலை நூல்களும், தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த நிலைத் தரங்களும், மேற்பூச்சு எத்தனை சதவீதம் எஞ்சியிருக்கிறது என்று கணக்கிடும் வழக்கமும் இந்த எண்ணத்தின் மேல் எழுந்தவை. விலையைப் பொறுத்தவரை இத்தரப்புதான் வென்றிருக்கிறது.

வரலாற்றோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது வேறு கேள்வி. போட்டித் துப்பாக்கி சுடுவதற்காகச் செய்தது. அணியில் இருந்த துப்பாக்கி ஒரு பருவத்தில் சுடும் தோட்டாக்களைப் படைமுகாமில் இருந்தது பல ஆண்டுகளிலும் சுட்டிருக்காது. குழல் தேய்ந்தால் புதுக் குழல் போடுவது வழக்கமான பராமரிப்பு. இரண்டாம் உலகப்போரின்போது படையிடம் இருந்த 1903 துப்பாக்கிகள் பெருமளவில் ஆயுதச்சாலைகளில் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டன. நீலப்பூச்சு போய்ச் சாம்பல் நிறப் பார்க்கரைசிங் பூச்சு வந்தது, கட்டை மாறியது, போல்ட் எந்தப் பெட்டியிலிருந்தோ வந்தது. பிறந்தபடியே பிழைத்தவை பெரும்பாலும் முன்னே சொன்ன இரண்டாம் கிளையைச் சேர்ந்தவை: குடிமக்கள் வாங்கியவை, அவற்றிலும் வாங்கியவர் அதிகம் சுடாதவை. எந்த நோக்கத்துக்காகத் துப்பாக்கி செய்யப்பட்டதோ அதற்கு மிகக் குறைவாகப் பயன்பட்டதே இன்று மிக உயர்ந்த விலை பெறுகிறது. சந்தையின் இந்த ரசனையைக் குறை சொல்ல முடியாது. அதை வரலாற்றுத் தீர்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதுப்பிக்கப்பட்ட துப்பாக்கியில் காலத்துக்குப் பொருந்தும் உறுப்புகளைத் தேடிப் பிடித்து மாட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதைச் சேகரிப்பாளர்கள் ‘சரியாக்குதல்’ என்கிறார்கள். சொல்லி விற்கும்வரை இதில் குற்றமில்லை. முதல் விற்பனையில் சொல்வார்கள், இரண்டாம் விற்பனையில் முணுமுணுப்பார்கள், மூன்றாவதில் விஷயம் மறைந்துவிடும் என்பதுதான் கவலை. இன்னொரு இழப்பும் உண்டு. சரியாக்குபவர் கழற்றி எறியும் 1943ஆம் ஆண்டுக் கட்டையும் பார்க்கரைசிங்கும் அந்தத் துப்பாக்கியின் உண்மையான வரலாறு. அந்த இடத்துக்கு வருவது வேறொரு துப்பாக்கியின் வரலாறு.

இந்த மோதல் மிகக் கூர்மையாவது கடற்படைக் காலாட்படையின் துப்பாக்கிகளில். போரின்போது அவர்கள் தங்கள் போட்டி அணிகளின் நேஷனல் மேட்ச் துப்பாக்கிகளை எடுத்து, பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜான் உனெர்ட்லின் எட்டு மடங்குத் தொலைநோக்கியைப் பொருத்தி, மறைந்திருந்து சுடும் துப்பாக்கிகளாக மாற்றினார்கள். போர் முடிந்ததும் தொலைநோக்கியும் துப்பாக்கியும் பெரும்பாலும் வெவ்வேறு வழியில் போயின. அப்படியொரு துப்பாக்கி இன்று தொலைநோக்கி இல்லாமல், தளம் பொருத்திய திருகுத் துளைகளோடு கிடைத்தால் அது என்ன? கெட்டுப்போன போட்டித் துப்பாக்கியா, குறையுள்ள போர்த்துப்பாக்கியா? துளைகளை அடைத்து முதல் வாழ்வுக்குத் திருப்பினால் இரண்டாம் வாழ்வு அழிகிறது. உனெர்ட்ல் தொலைநோக்கி ஒன்றை வாங்கி மாட்டினால், அந்தத் துப்பாக்கி ஒருபோதும் காணாத தொலைநோக்கியோடு அது நிற்கிறது. இரண்டில் எது செய்தாலும் விலை ஏறும். இரண்டையும் செய்யாமல் விடுவதே நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது. சந்தை அதற்குப் பரிசளிப்பதில்லை.

சுட்டுப் பார்ப்போர்

நான்காம் தரப்பு சிறியது. குழலின் உட்புறத் தேய்மானத்தை அளந்து, இலக்கில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பதே போட்டித் துப்பாக்கிக்கு உரிய மதிப்பீடு என்பது இவர்கள் வாதம். குழலை உற்றுப் பார்க்க இவர்கள் சொல்லும் காரணம் திடமானது. 1950களுக்கு முந்தைய அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து எரிந்து குழலில் உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே நீர் கொண்டு கழுவாத குழல் உள்ளே குழி விழுந்து கிடக்கும், வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தாலும்.

பாதுகாப்பும் இவர்களுடைய அக்கறை. தொடக்க கால ரிசீவர்களின் வெப்பப் பதப்படுத்தல் சீராக இல்லாததால் சில உடைந்தன. ஸ்பிரிங்ஃபீல்டில் 8 லட்சம், இதே துப்பாக்கியைச் செய்த ராக் ஐலண்டு ஆயுதச்சாலையில் 2,85,507 ஆகிய எண்களுக்குக் கீழ்ப்பட்டவற்றைச் சுட வேண்டாம் என்ற எச்சரிக்கை இன்றும் நடைமுறையில் உள்ளது. இயல்பான நேஷனல் மேட்ச் எதுவும் இந்த எல்லைக்குள் வராது. ஆனால் நன்றாகச் சுடும் துப்பாக்கி நேஷனல் மேட்சாக இருந்தாக வேண்டும் என்பதில்லை; தேய்ந்துபோன நேஷனல் மேட்ச் நன்றாகச் சுடாது. அடையாளம் காணும் கேள்விக்கு இவர்களின் முறை நேரடி விடை தருவதில்லை.

காரண்டிலும் அதே கதை

1953 முதல் 1963 வரை, ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பின் வந்த எம்1 காரண்ட் துப்பாக்கியின் நேஷனல் மேட்ச் வடிவங்கள் செய்யப்பட்டன. தொடக்க கால வடிவத்தில் தனிக் குறிகள் மிகக் குறைவு. விற்பனைத் தாள் இல்லாமல் இனங்காண்பது பெரும்பாலும் இயலாது. பிந்தைய வடிவத்தில் குழல், பின்பார்வை முதலிய உறுப்புகளில் ‘என்.எம்.’ எழுத்துகள் உள்ளன. அந்த உறுப்புகளோ தனித்தனியாகவும் புழங்கின. குறி இல்லாததும் சிக்கல், குறி இருப்பதும் சிக்கல்.

மதிப்பிடுவது என்றால் எதை?

அமெரிக்கச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைத்தான் தொன்மைத் துப்பாக்கி என்கிறது. நேஷனல் மேட்ச் அதில் வராது. 50 ஆண்டு கடந்தவற்றுக்கான ‘அரும்பொருள், நினைவுப்பொருள்’ பிரிவில் வரும். விலை மதிப்பிலும் ஒரே தொகை கிடையாது. வாங்குபவரும் விற்பவரும் கட்டாயமின்றி ஒப்புக்கொள்ளும் சந்தை மதிப்பு ஒன்று, காணாமல் போனால் அதேபோன்ற ஒன்றை வாங்க ஆகும் காப்பீட்டு மதிப்பு வேறு. மதிப்பிடுபவரே வாங்க முன்வந்தால் அவர் சொல்லும் தொகை மூன்றாவது வகை; அதை மதிப்பீடு என்று அழைக்காமல் விடுவது நலம்.

நல்ல மதிப்பீட்டறிக்கை ‘உண்மை’, ‘போலி’ என்று இரண்டே சொல்லில் முடியாது. ரிசீவருக்குப் பதிவுச் சான்று உண்டா, குழலின் தேதி எண்ணோடு ஒத்துப்போகிறதா, போல்ட் எழுத்தின் தேய்மானம் சுற்றியுள்ள எஃகின் தேய்மானத்தோடு பொருந்துகிறதா, கட்டை மணல்தாள் கண்டதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உறுதியின் அளவைச் சொல்லும். இப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் அரிது. வாங்குபவர் கேட்பது ஒற்றை விடை என்பதும் இதற்கு ஒரு காரணம். வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தவர்கள் மதிப்பிடுபவர் வரும்முன் அதை மெருகேற்றி வைப்பது மற்றொரு தொல்லை. துரு ஏறிய துப்பாக்கியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். தேய்த்துப் பளபளப்பாக்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் மிச்சமிருக்காது.

தீராமல் நிற்பவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஆயுதச்சாலையே புதுக் குழல் போட்டுக் கொடுத்த நேஷனல் மேட்ச், நேஷனல் மேட்ச்தானா? ஆவணத் தரப்பு ஆம் என்கிறது, தொடப்படாத நிலையை நாடுவோர் அரைமனதோடு மறுக்கின்றனர். முதல் தரப்பு புதுக் குழலிலும் நட்சத்திரம் இருக்கிறதா என்று கேட்கிறது. செய்யப்பட்ட 28 ஆயிரத்தில் எத்தனை பிழைத்தன என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. அது இல்லாதவரை அருமை என்ற அடிப்படையில் சொல்லப்படும் விலை வாதங்கள் ஊகத்தின்மீதே நிற்கும். காப்பகத்தில் இன்னும் எண்ணிடப்படாத தாள்கள் வெளிவந்தால் ரிசீவர்களைப் பற்றிய அறிவு கூடலாம். குழல், போல்ட், கட்டை ஆகிய மூன்றும் அந்த ரிசீவரோடுதான் பிறந்தன என்பதை எந்தக் காகிதமும் தனியே நிறுவப்போவதில்லை.

இப்போதைய நிலையில் ஓரளவு உறுதியாகப் பேச முடிவது முதல் வாங்குபவரின் தாள்களோடும் அளவீட்டு அட்டையோடும் வரும் துப்பாக்கிகளைப் பற்றி மட்டுமே. பதிவில் உள்ள எண், பொருந்தும் குழல் தேதி, ஐயம் தராத போல்ட் எண், காலத்துக்கு ஏற்ற கட்டை முத்திரை ஆகியவை கூடிவந்தால் ‘பெரும்பாலும் ஆம்’ எனலாம். இவற்றில் இரண்டுகூடத் தேறாத துப்பாக்கிக்கு நேஷனல் மேட்ச் விலை கொடுக்கக் காரணமில்லை. நல்ல ஸ்பிரிங்ஃபீல்டுக்கு உரிய விலையே அதற்குப் போதும்.